தாலி செக்

பாராசூட் வீரன் என்றால் பயம் அறியாதவன் என்று எவனோ ஒருவன் கிளப்பிவிட்டுப் போய்விட்டான். அந்த ஆள் என் கையில் கிடைத்தால் அவனை ஒரு முறை விமானத்தின் பின்கதவில் நிறுத்திவிட்டுத்தான் மறு பேச்சு. இப்போது ஜொகூர் மாநிலத்து உலு திராமில் கோயில் கூட்டமோ பள்ளி விழாவோ, என்னைப் பார்த்ததும் மைக்கைக் கொடுத்து, "அங்கிள், உங்களுக்கெல்லாம் பயமே இருக்காதுல்ல?" என்று கேட்கிறார்கள். மைக்கில் சொல்ல நேரம் போதாது. அதனால் எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் சார்ஜன், ஜம்ப்மாஸ்டராக இருந்தவன். குதிப்பவர்களின் கயிறு, கொக்கி, வார் எல்லாவற்றையும் கடைசியாகத் தொட்டுப் பார்த்து "போ" என்று சொல்லும் ஆள். விமானத்துக்குள் கேப்டன் இருக்கலாம், மேஜர் இருக்கலாம். பின்கதவில் ஜம்ப்மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டத்தில் என் பங்கு ஒரே வரி: கொக்கியில் பின் இல்லாமல் எவனையும் விடமாட்டேன்.

முதல் நாள்: எது தாலி?

துணைப் பயிற்றுநராக நான் நின்ற முதல் நாளிலேயே சேகரன் வந்து சேர்ந்தான். காஹாங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். மெடிக், அதாவது காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டும் சிப்பாய். ஒல்லி உடம்பு, பெரிய கண். அவனைப் பார்த்ததும், "இவன் குதிக்க மாட்டான், காத்துல பறப்பான்" என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாஃப் சார்ஜன் வகாப்தான் எங்கள் தலைமைப் பயிற்றுநர். மீசையும் குரலும் ஒரே அளவு. பயிற்சி விமானத்தின் மாதிரிக் கூண்டுக்குள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "பெரெக்சா தாலி!" என்று கத்தினார். மலாயில் தாலி என்றால் கயிறு, பெரெக்சா என்றால் சோதித்துப் பார். ஒவ்வொருவன் முதுகிலிருந்தும் ஒரு கயிறு வரும். அதன் நுனியில் ஒரு கொக்கி. அதை விமானத்தின் கூரையோடு ஓடும் இரும்புக் கம்பியில் மாட்ட வேண்டும். குதித்ததும் கயிறு இழுபட்டு பாராசூட்டைத் திறந்துவிடும். கயிறும் பாராசூட் இருந்த பையும் விமானத்திலேயே தங்கிவிடும், ஆள் கீழே போவான். கொக்கி தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் ஓட்டையில் ஒரு பின்னைச் செருகுவோம். கயிறு, கொக்கி, பின். எங்கள் உயிர் இந்த மூன்றில்தான்.

சேகரன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நமக்கு இன்னும் கல்யாணமே ஆகல. எந்தத் தாலிய செக் பண்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பயிற்றுநர் சிரிக்கலாமா? வகாப் எங்கள் இருவரையும் வெளியே இழுத்து, தார்ச்சாலையில் பம்பிங், அதாவது தண்டால், எடுக்க வைத்தார். கை ஓய்ந்து போன பிறகு, "இப்ப சொல்லு, என்ன சிரிப்பு?" என்றார். சொன்னேன். தமிழில் தாலி என்றால் புருஷன் பெண்டாட்டி கழுத்தில் கட்டுவது என்று விளக்கினேன்.

வகாப் மலாயில் சொன்னது இதுதான்: "உங்க தாலி அறுந்தா பொண்டாட்டி அழுவா. எங்க தாலி அறுந்தாலும் பொண்டாட்டிதான் அழுவா. ரெண்டும் ஒண்ணுதான், போ!"

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் மலாய்க்காரன், சீனன், எல்லாருக்கும் அது "தாலி செக்" ஆகிவிட்டது. முன்னால் நிற்பவனின் கயிற்றைத் தடவிப் பார்த்து, "தாலி செக்?" என்று கேட்க வேண்டும். அவன் "தாலி ஓகே!" என்று கத்த வேண்டும்.

சேகரனின் முதல் குதிப்பும் எனக்கு நினைவிருக்கிறது. விமானம் மேலே ஏறும்போதே பைக்குள் தலையை விட்டு வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு அசாம் போய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அந்தப் புளிப்புப் பழத்தைச் சப்பிக்கொண்டே குதித்தான். இரண்டாவது தடவையும் அப்படியே. பத்தாவது தடவையும் அப்படியே. குதிக்க மறுத்தது மட்டும் ஒரு நாளும் இல்லை. ஹாசிம் என்று ஒருவன், சேகரனின் உயிர் நண்பன், எங்கள் கம்பெனியின் கோமாளி. "சேகர் வாந்தி எடுத்துட்டான், இனி விமானம் பத்திரமாப் போகும் லா" என்பான். எங்களுக்கு அது ஒரு சகுனமாகவே ஆகிவிட்டது.

புறப்பட்ட நாள்: முகாம் வாசலில்

சேகரனுக்கு பண்டார் தெங்காராவில் பெண் எடுத்தார்கள். கமலா. கெட்டிக்காரப் பெண், வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணத்தில் ஹாசிம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

கல்யாணச் சோற்று வாசனை போவதற்குள் வடக்கே எல்லைக் காட்டுக்குப் போக எங்களுக்கு உத்தரவு வந்தது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். லாரிகள் முகாம் வாசலில் நின்றன. வழியனுப்ப வந்த கமலா சேகரனின் சட்டையைப் பார்த்தாள். மேல் பாக்கெட்டின் பொத்தான் அறுந்து, மூடி தொங்கிக்கொண்டிருந்தது. அதில்தான் அவன் அசாம் போய் பொட்டலம் வைத்திருப்பான்.

நம் பெண்கள் தாலிச்சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு. கமலா சட்டென்று அதிலிருந்து ஒரு பெரிய ஊக்கைக் கழற்றினாள்.

"அடியே, தாலியில தொங்குறதக் கழட்டாதடி! போற நேரத்துல!" என்று அவள் அம்மா பதறினார்.

"ஊக்கத்தானம்மா கழட்டுறேன், தாலியவா கழட்டுறேன்?" என்று சொல்லிவிட்டு, கமலா அந்த மூடியைப் பிடித்து ஊக்கைக் குத்திவிட்டாள். "திரும்ப வரும்போது கொண்டு வந்து குடுக்கணும். எங்கிட்ட இந்த சைஸ் இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஹாசிம் வாயைப் பிளந்தான். "அலமாக்! உங்க தாலியிலயும் பின் இருக்கா? சார்ஜன், பாத்தீங்களா? தாலி, பின், எல்லாம் இருக்கு! தாலி செக்?"

லாரியில் இருந்த அத்தனை பேரும் "தாலி ஓகே!" என்று கத்தினோம். கமலாவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பின்கதவில்

இரண்டாம் வாரம் ஹாசிமின் பேட்ரோல், அதாவது ரோந்துக் குழு, ஒரு மலைச்சரிவில் மாட்டிக்கொண்டது. கண்ணிவெடியில் ஹாசிமின் கால் போனது. அவர்களோடு போன மெடிக்குக்கு வயிற்றில் குண்டு. கட்டுப்போடத் தெரிந்தவனே கீழே விழுந்துவிட்டான். ஹெலிகாப்டர் இரண்டு முறை போய்ப் பார்த்தது. மேல் முகட்டில் இருந்த எதிரிகள் சரமாரியாகச் சுட்டதில் திரும்பி வந்துவிட்டது. நடந்து போகிற படை சேர்வதற்குள் இருவரும் ரத்தம் வடிந்தே செத்துவிடுவார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். விமானம் நிற்க வேண்டியதில்லை, சட்டென்று கடந்துவிடலாம். ஒரு மெடிக்கை மரங்களின் மேலேயே குதிக்க விட்டால், கிளையில் தொங்கிய பிறகு கயிறு போட்டு இறங்கிக்கொள்வான்.

"யார் போறது?" என்று மேஜர் கேட்டு முடிப்பதற்குள் சேகரன் எழுந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நான் போறேன்" என்றான், அவ்வளவுதான்.

இரண்டு எஞ்சின் உள்ள சின்ன விமானம். பின்னால் சரிவுக்கதவு திறந்து கிடக்க, அதற்கு அப்பால் பச்சைக் காடு வேகமாக ஓடுகிறது. உள்ளே நானும் சேகரனும் மட்டும். வழக்கம்போல் வாந்தி எடுத்தான். அன்றைக்கு மூன்று தடவை. "சகுனம் நல்லா இருக்குடா" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் முழங்கால் நடுங்குவது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. காலில் கட்டிய மருந்து மூட்டையும் சேர்ந்து நடுங்கியது.

என் காதுக்கருவியில் கீழே இருந்த பேட்ரோலின் குரல் வந்தது. "ஹாசிம் கேக்குறான். சேகரா வர்றான்?"

"ஆமா, சேகர்தான்" என்றேன்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு: "அப்படின்னா சேகர் வாந்தி எடுக்குற இடத்துக்குக் கீழ நிக்க மாட்டேன்னு ஹாசிம் சொல்றான்."

கால் போனவன் சொல்கிறான், நிற்க மாட்டேனாம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சேகரனிடம் அதை அப்படியே கத்திச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து கதவருகே வந்தான். கொக்கியைக் கம்பியில் மாட்டினேன். பின்னைக் கையில் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து முகட்டிலிருந்து சுட்டார்கள். வாலில் குண்டுகள் பட்டது தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி கேட்டது. விமானி விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சேகரன் என்மேல் விழுந்தான், நான் இருக்கைமேல் விழுந்தேன். எழுந்து பார்த்தால் பின்னைக் கொக்கியோடு கட்டியிருந்த சின்ன நூல் அறுந்து, சரிவுக்கதவில் பின் உருண்டு கொண்டிருக்கிறது. பாய்ந்தேன். என் விரல் தொடுவதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டது.

குதிக்க வேண்டிய இடமும் எங்களுக்குக் கீழே ஓடிப் போய்விட்டது.

"சார்ஜன், இன்னும் ஒரே சுத்துதான்! மேகம் மூடுது!" என்றார் விமானி.

பின் இல்லாத கொக்கி கழன்றுகொள்ளாமலும் இருக்கலாம். இப்படி ஆடுகிற விமானத்தில் கழன்றாலும் கழலலாம். கழன்றால் பாராசூட் திறக்காது. அவ்வளவு தாழ்வாகப் பறக்கும்போது ரிசர்வை, அதாவது மாற்றுப் பாராசூட்டை, திறக்கவும் நேரம் இருக்காது. என் இடுப்பில் இருந்தது விமானத்தோடு என்னைக் கட்டிய வார். அதில் அந்தப் பின் கிடையாது. கம்பி கிடைக்குமா என்று கண் நாலா பக்கமும் தேடியது. ஒன்றும் இல்லை.

"பின் இல்லடா! பின் இல்லாம உன்ன விடமாட்டேன்!" என்று கத்தினேன்.

"அண்ணே, ஹாசிம் கீழ கெடக்குறான்!"

"நீ செத்தா அவனுக்கு யாருடா கட்டுப் போடுவா? முடியாதுன்னா முடியாது!"

அவன் என்னை முறைத்தான். அவ்வளவு பெரிய கண்ணில் அவ்வளவு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. திடீரென்று அவன் கை தன் நெஞ்சுக்குப் போனது. ஊக்கின் வாய் லேசில் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்து எடுத்தான். பாக்கெட் மூடி திறந்துகொண்டு, அசாம் போய் எல்லாம் காற்றில் பறந்து கதவு வழியாகப் போனது.

"இதப் போடுங்க அண்ணே. இதுவும் தாலி பின்தானே!"

கமலாவின் ஊக்கு. நல்ல தடித்த எஃகு. கொக்கியின் ஓட்டையில் விட்டுப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்த மாதிரி நுழைந்தது. மறுபக்கம் வளைத்து வாயை மூடினேன். என் முழு எடையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் என் கை "போகும்" என்றது.

விமானம் திரும்பியது. காட்டின் மேல் வெள்ளையாக மேகம் வழிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கிழிசல் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மறுபடியும் சுடத் தொடங்கினார்கள்.

அவன் கயிற்றைத் தடவினேன். "தாலி செக்?"

"தாலி ஓகே!"

பச்சை விளக்கு எரிந்தது. தோளில் ஓங்கி அடித்தேன். முழங்கால் நடுங்க நடுங்கவே ஓடிக் குதித்தான்.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. கொக்கி கம்பியில் முட்டியது. ஊக்கு நின்றது! குப்புறப் படுத்து வெளியே பார்த்தேன். கீழே ஒரு பச்சைக் குடை விரிந்து, மேகத்துக்குள் மறைந்தது. "திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" என்று தமிழிலேயே விமானியிடம் கத்தினேன். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் சேர்ந்து கத்தினார்.

கயிற்றை உள்ளே இழுத்தேன். வெறும் பைதான் வந்தது. ஊக்கு வளைந்து போயிருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முகாமில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தது குதிப்பதை விடக் கொடுமை. பொழுது சாயும் நேரத்தில் செய்தி வந்தது: மெடிக் வந்து சேர்ந்துவிட்டான், காயம்பட்ட இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பண்டார் தெங்காராவில் நான் செய்த காரியம்

மறுநாள் காலையில் இன்னும் பாராசூட்டுகள் எடுத்துவர என்னை ஜொகூருக்கு அனுப்பினார்கள். சேகரன் இன்னும் காட்டில்தான் இருந்தான். கமலாவுக்கு நல்ல செய்தியை நேரில் சொல்லலாம் என்று ராணுவ ஜீப்பில் போனேன்.

ராணுவ வண்டி வீட்டு வாசலில் நின்றால் சிப்பாய் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வண்டியிலிருந்தே பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கினேன். "தங்கச்சி, நல்ல சேதி!" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போனேன். நல்ல வெயில். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன்.

பாக்கெட்டில் இருந்த ஊக்கு சிமெண்டுத் தரையில் விழுந்தது. ணங்கென்று ஒரு சத்தம்.

கட்டியவன் இல்லாமல் தாலியில் இருந்த பொருள் மட்டும் வீடு திரும்புகிறது. அதுவும் அடுத்த ஆம்பளை பாக்கெட்டிலிருந்து, வளைந்து போய். தமிழ் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கமலாவின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு, "கழட்டாதடின்னு சொன்னேனே!" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீடுகளெல்லாம் திறந்துகொண்டன.

"ஐயோ அம்மா, ஒண்ணும் இல்லம்மா! சேகர் நல்லா இருக்கான்!" என்று நான் கத்துவது யார் காதிலும் விழவில்லை. சண்டையில் கூட நான் அவ்வளவு நடுங்கியதில்லை.

கமலா மட்டும் அழவில்லை. குனிந்து ஊக்கை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

மூச்சு விடாமல் சொன்னேன். பின் விழுந்தது, ஊக்கைப் போட்டது, குடை விரிந்தது, ரேடியோவில் செய்தி வந்தது, எல்லாம். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை.

"குதிக்கறதுக்கு முன்ன எப்படி இருந்தாரு?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "கால் நடுங்கிச்சும்மா. மூணு தடவ வாந்தி எடுத்தான். அப்புறம் என்னை முறைச்சான். அப்புறம் குதிச்சுட்டான்."

கமலா படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும்.

"அம்மா, அழுகைய நிறுத்துங்க! அவரு உசிரோடதான் இருக்காரு. செத்தவங்கள யாரும் வாந்தி எடுத்தாருன்னு சொல்ல மாட்டாங்க. சிங்கம் மாதிரி குதிச்சாருன்னுதான் சொல்லுவாங்க!"

வருஷா வருஷம்

நடந்து போன படை முகட்டைப் பிடித்த பிறகு மூவரையும் ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். காட்டுக்குள் நடந்ததைச் சேகரன் சரியாகச் சொல்லவே இல்லை. "அசாம் போய் எல்லாம் கொரில்லாவுக்குப் போச்சு" என்றுதான் புலம்பினான். நடந்ததைச் சொன்னவன் ஹாசிம். குண்டு பறக்கும்போது எல்லாரும் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தார்களாம். ஆனால் ட்ரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்தால்தான் மருந்து உடம்பில் இறங்கும். சேகரன் ஒருவன்தான் முட்டி போட்டு நிமிர்ந்து, ஒரு கைக்கு ஒரு பாட்டிலாக, இரண்டு பேருக்கும் தூக்கிப் பிடித்திருந்தான். "கை நடுங்கினதுல பாட்டில் ஆடுச்சு லா, ஆனா கை இறங்கவே இல்ல" என்று ஹாசிம் இன்றைக்கும் சொல்கிறான்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். என் கதவில் நடுங்காமல் நின்றவர்களும் குதித்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பயமே தெரியாதவனுக்குத் துணிச்சல் எதற்கு? நடுங்குகிறவனுக்குத்தான் அது வேண்டும். ஊக்கு என்ற சொல்லுக்குள் பாதி ஊக்கம் இருக்கிறது என்று நான் ஒரு தடவை சொல்லப் போய், கமலா, "அண்ணே, இதையெல்லாம் மைக்குல சொல்லித் தொலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

சேகரன் இன்றும் காஹாங் வழியாக மெர்சிங் போகும் பஸ்ஸில் ஏறினால் வாந்திக்குப் பையைத் தேடுகிறவன்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை உலு திராமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாங்கள் கூடுவோம். ஹாசிம் செயற்கைக் காலைத் தட்டித் தட்டி நடந்து வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நேராகக் கமலாவிடம் போவான். அட்டென்ஷனில் நின்று, "தாலி செக்?" என்பான்.

கமலா சரட்டை வெளியே எடுப்பாள். கடையில் இப்போது எந்த சைஸ் ஊக்கும் கிடைக்கிறது. அவள் மாற்றவில்லை. வளைந்த ஊக்கு, வாய் மூடியபடி, தாலிக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

"தாலி ஓகே!" என்பாள். அதற்கப்புறம்தான் ஹாசிம் சாப்பிட உட்காருவான்.